வெள்ளத்தை டீக்கு அழைத்தவன்

அந்த நாடகத்தின் முடிவை எழுதியது நான்தான். உதவி நிறுவனத்து அதிகாரி சொன்னார், ஜனங்கள் கேட்டார்கள், என் தம்பி ஷொகாரிப் கெஞ்சினான் என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். பேனா என் கையில்தான் இருந்தது. சயோஹத் என்கிற நான் எழுதினேன், பஸ்தரா கிராமத்தில் ஓர் ஆள் செத்தான். இதைச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

எங்கள் நாடகக் குழுவில் நான்கே பேர். நான் எழுதுவேன், பாடமும் சொல்லிக்கொடுப்பேன். ஷொகாரிப் நடிப்பான். மற்ற இருவரும் ரபாப் வாசிப்பார்கள், துணி பிடிப்பார்கள், தேவைப்பட்டால் மாடாகவும் மாமியாராகவும் வருவார்கள். லாரியின் பின்கட்டையை இறக்கிவிட்டால் அதுதான் மேடை.

கோடையில் எங்கள் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வரும். நாலு நாள் வெயில் ஏறினால் போதும், மேலே பனி இளகி, மத்தியானத்துக்கு மேல் ஓடை கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிவிடும். மேய்ச்சல் நிலத்துக் காவலாள் வயர்லெஸ்ஸில் சொன்னதும், கீழே பள்ளிக்கூட வாசலில் தொங்கும் லாரிச் சக்கர ரிம்மை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அடித்ததிலிருந்து பதினைந்து நிமிடம். அதற்குள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆனால் யார் ஏறுகிறார்கள்? அடுப்பில் ரொட்டி இருக்கும், கூரையில் வாதுமைப்பழம் காயும், கன்றுக்குட்டி எங்கோ நிற்கும். போன தடவை அடித்தார்களே, ஒன்றும் வரவில்லையே என்பார்கள். இந்த அலட்சியத்தை உடைக்கத்தான் நிறுவனம் எங்களை நாடகம் போடச் சொன்னது. பதினான்கு கிராமங்கள்.

எங்கள் பக்கத்துக் கதைகளில் மொட்டையன் என்று ஒருவன் உண்டு. பிறந்ததிலிருந்தே தலையில் ஒரு மயிர் கிடையாது, கையில் ஒரு காசு கிடையாது, சோம்பேறி. ராஜாவை ஏமாற்றுவான், பூதத்தை ஏமாற்றுவான், உயிர் எடுக்க வரும் வானவனையே வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடுவான். தாய்ப்பாலோடு அவன் கதையைக் குடித்துத்தான் எல்லோரும் வளர்ந்தோம். அந்த மொட்டையனே ரிம் சத்தத்தைக் கேட்டுவிட்டு அசையாமல் இருந்து செத்துப்போனால் ஜனங்களுக்கு உறைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

முதல் கிராமத்தில் அப்படித்தான் முடித்தோம். மொட்டையன் கூரையில் ஏறி நின்றான். சாயம் தோய்த்த பழுப்புக் கூடாரத்துணி வெள்ளமாக வந்து அவனை மூடியது. ஷொகாரிப் துணிக்கடியில் அசையாமல் கிடந்தான். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதென்ன கூத்து? மொட்டையன் எங்கயாவது சாவானா? எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"உனக்கு உங்கம்மா கதையே சொல்லலையா? வசந்தப் பண்டிகையும் அதுவுமா புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா, மொட்டையனக் கொன்னு காட்டற! நல்லா இருப்ப நீ!"

ரொட்டிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்களில் ரொட்டி கொடுக்காமல் அனுப்புவதைவிடக் கன்னத்தில் அறைந்து அனுப்புவது மேல். லாரியில் வரும்போது அதிகாரி தன் கேமராவை என்னிடம் நீட்டினார். ஒரு படத்திலும் ஒரு சிரித்த முகம் இல்லை.

"அக்கா, இதை நான் மேல அனுப்பினா அடுத்த ஊருக்கே போக விடமாட்டாங்க" என்றார் அவர்.

"அவனைப் பொழைக்க வெச்சுடேன் அக்கா. ஜனங்க கேக்கறதும் அதைத்தானே?" என்றான் ஷொகாரிப்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிழைக்க வைக்கிறேன் பார், இந்த மலையே சிரிக்கும்படி வைக்கிறேன் என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் ஊர்களில் வாசலைத் தாண்டிப் போகிறவனை டீக்குக் கூப்பிடாமல் விட்டால் வீட்டுக்காரனுக்கு அவமானம். கூப்பிட்ட சுருக்கில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் போகிறவனுக்கு அவமானம். நெஞ்சில் கையை வைத்து இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். ஆகவே என் மொட்டையன் கையில் டீ கெட்டிலோடு கூரை விளிம்பில் நின்று, உறுமிக்கொண்டு வரும் வெள்ளத்தைப் பார்த்து, "வாங்க வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க!" என்றான். பழுப்புத் துணி சட்டென்று நின்றது. துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து நெஞ்சில் பதிந்தது. "இருக்கட்டும்ணே, கீழ வேலை கெடக்கு, இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லி, வெள்ளம் மரியாதையாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு! கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துபோனது, பொய் சொல்லமாட்டேன். மாகாணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். போன் போனாக ஓடியது. பிள்ளைகள் மழைத்தண்ணீரைப் பார்த்தால் கப்பை நீட்டினார்கள். பெரியவர்கள் கடையில் கடன்காரனைப் பார்த்தால் "வாங்க வாங்க, ஒரு வாய் டீ" என்றார்கள். அதிகாரி தன் அறிக்கையில் 'மக்களிடையே வெள்ள பயம் வெகுவாகக் குறைந்துள்ளது' என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். பயத்தைக் குறைக்கவா போனோம்? அந்தக் கேள்வி அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி பஸ்தராவில் ரிம் அடித்தார்கள்.

இமோம்நசர் வண்டி ஓட்டுகிறவன், முப்பத்தெட்டு வயது, ஊரில் எல்லோருக்கும் வேண்டியவன். ஓடைக்கு இந்தப் பக்கம் அவன் வீடு. மனைவியை முன்பே மேட்டுக்கு அனுப்பிவிட்டான். அதுவரை சரியாகத்தான் செய்திருக்கிறான். பிறகு டீ கெட்டிலை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினான். அக்கரை மேட்டில் ஏறி நின்ற பத்துப்பன்னிரண்டு பேர் விசிலடித்தார்கள், போனை எடுத்தார்கள். அவன் கெட்டிலை உயர்த்தி, ஷொகாரிப்பின் குரலிலேயே வெள்ளத்தை டீக்குக் கூப்பிட்டான். வெள்ளம் நிற்கவில்லை. மேல்பக்கச் சுவர் முதலில் போனது, பிறகு கூரை. மூன்றாம் நாள்தான் ஆற்றங்கரையில் கிடைத்தான்.

நான் துக்கத்துக்குப் போனேன். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. என் முன்னால் ரொட்டியை வைத்தார்கள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் இமோம்நசரின் தாய் நிசோபேகிம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆள்சேர்த்துப் போகும் ஜீப்பில் மூன்று மணிநேரம் குலுங்கி வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உக்கார வரலம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எம் பெரியவன் மண்டையில அந்த வார்த்தையப் போட்டது நீதானே?"

"ஆமாம்மா."

"அப்ப சின்னவன் மண்டையிலேர்ந்து நீயே எடு."

சின்னவன் பெயர் ஜோவிதோன். இமோம்நசருக்கு ஆறு வயது இளையவன். வீடு அதே ஓடையில் இன்னும் கொஞ்சம் கீழே. அண்ணன் போன பிறகு இரண்டு முறை ரிம் அடித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அவன் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் முட்டாளில்லை, அண்ணன் செய்தது தப்பில்லை, சுவர்தான் மோசம் என்கிறானாம். இரண்டு முறையும் வெள்ளம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"மூணாந்தடவ நிக்குமா? ஆகஸ்ட் பூரா கெடக்கு. நான் அழுதாச்சு, அவன் பொண்டாட்டி கால்ல விழுந்தாச்சு. ரெண்டும் பச்சக் கொழந்தைங்க, சயோஹத்" என்றாள் தாய்.

மறுநாளே போனேன். ஜோவிதோன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். சின்னவள் அவன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே அனுப்பினான்.

"வாங்கக்கா. அடுத்த நாடகத்துக்கு ஆள் பாக்க வந்தீங்களா?"

"ரிம் அடிச்சா மேட்டுக்குப் போ தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க? டிவிலகூடப் போட்டாங்களே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"ஓ! தப்பா?" காம்பைத் தரையில் ஓங்கித் தட்டினான். "அப்ப எங்கண்ணன் ஒரு தப்புக்குச் செத்தான். ஒரு ஜோக்குக்குச் செத்த கோமாளி அவன். ஊரு இப்பவே அப்படித்தான் பேசுது. நானும் ரிம் சத்தம் கேட்டதும் பொட்டியத் தூக்கிட்டு ஓடுனா, ஆமா எங்கண்ணன் கோமாளின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

"உன் புள்ளைங்க என்னடா செஞ்சாங்க?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? கெளம்புங்கக்கா."

டீக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

பேசி ஆகாது என்று திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். நாற்பது நாள் துக்கம் கழிந்ததும் பஸ்தராவிலேயே நாடகத்தை மறுபடி போட வேண்டும், பழைய முடிவோடு. மொட்டையன் சாக வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். ஷொகாரிப் துள்ளிக் குதித்தான்.

"உனக்குப் பைத்தியமாக்கா? செத்தவன் தாய், தம்பி, பொண்டாட்டி எல்லாரும் முன்னாடி உக்காந்திருப்பாங்க. அங்க போயி நான் அந்த வார்த்தையச் சொல்றதா? வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சறதா?"

"அந்த வார்த்தைய வேற எங்க சொல்லி முடிக்கிறது?"

"கல்லெடுத்து அடிப்பாங்க."

"அடிக்கட்டும். மொதக் கல்லு எனக்கு."

"நீ எழுதிட்டு ஓரமா நிப்ப. கூரையில நிக்கறவன் நான்!"

அது சரிதான். அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். காலையில் எழுந்து, தலையைச் சிரைத்துக்கொண்டு வந்து லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

நாற்பத்து மூன்றாம் நாள். வெயில் கொளுத்தியது. நிசோபேகிம்தான் வீடு வீடாகப் போய் ஜனங்களைக் கூட்டியிருந்தாள். துக்கத்தாயே வந்து கூப்பிடும்போது யார் மறுப்பது? பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. ஜோவிதோனும் வந்திருந்தான். தாயின் சொல்லுக்காக வந்தவன்போலக் கடைசியில், வேலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் லாரிக்குப் பக்கத்தில் அவனைப் பார்க்கும்படியான இடத்தில் நின்றுகொண்டேன்.

நாடகத்தின் முன்பாதியில் சிரிக்க வேண்டிய இடங்கள் நிறைய. ஒரு குழந்தை இரண்டிடத்தில் சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பிறகு எங்கள் ஆள் தகரத்தைத் தட்டி ரிம் சத்தம் எழுப்பினான். ஷொகாரிப் பலகைக் கூரையில் ஏறினான். கையில் கெட்டில். துணி பிடிக்கிற இருவரும் கடைக்கோடியில் கிளம்பினார்கள். அவன் விளிம்புக்கு வந்தான். வாயைத் திறந்தான், மூடினான்.

"வாங்க வாங்க" என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். துணி வந்துகொண்டே இருந்தது. நெஞ்சில் கை வைக்கவில்லை, நிற்கவில்லை.

வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜோவிதோன் உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடிவந்தான். நாடகத்தை நிறுத்த வருகிறான், என் தம்பியை அடித்துப் போடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். குறுக்கே போனேன். என்னைத் தள்ளிவிட்டு லாரியில் ஏறினான். துணியை மிதித்துக்கொண்டு போய், கூரையில் நின்ற ஷொகாரிப்பின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

"எறங்குடா! போதும், எறங்கு! நல்லா விழுந்துடுச்சு, நல்லா வந்திருக்கு, எறங்குண்ணே!"

பலகை சரிந்தது. இருவரும் லாரியின் தரையில் விழுந்தார்கள். கெட்டில் உருண்டு கீழே போனது. ஜோவிதோன் விடவில்லை. என் தம்பியின் சட்டையைப் பிடித்து, அவன் மொட்டைத் தலையில் பட் பட்டென்று அடித்துக்கொண்டே அழுதான். ஷொகாரிப் தடுக்கவே இல்லை.

"என்னடா நல்லா வந்திருக்கு? என்னடா சொல்ற?" என்றாள் நிசோபேகிம். எழுந்து நின்றிருந்தாள்.

ஜோவிதோன் தாயைப் பார்க்காமல் லாரிப் பலகையைப் பார்த்துச் சொன்னான்.

"அவன் எறங்கிட்டாம்மா. மொதத் தடவ சொல்லிட்டு எறங்கிட்டான். ஏணியில ஒரு கால வெச்சுட்டான். எம் போன்ல வீடியோ சரியா விழல. வெயிலு, ஒண்ணும் தெரியல. நான் அக்கரையிலேர்ந்து வெரலக் காட்டுனேன். இன்னொரு தடவைன்னு. அவன் சிரிச்சிக்கிட்டே திரும்ப ஏறுனான்."

துணி பிடித்த இருவரும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அன்றைக்கு அக்கரையில் அவனோடு நின்றவர்களும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். எல்லோர் தலையும் குனிந்திருந்தது.

நிசோபேகிம் லாரியின் ஓரத்துக்கு வந்தாள். மகனைத் தொடவில்லை. அவள் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எறங்கு. வீட்டுக்குப் போ. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறு. இன்னைக்கு வெயிலு அதிகம்."

"அம்மா..."

"போடா. மத்ததெல்லாம் மேல போயிப் பேசிக்கலாம்."

அவன் இறங்கினான். கூட்டம் வழிவிட்டது. அன்று ரிம் அடிக்கவில்லை, ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. ஆனாலும் சற்று நேரத்தில் சின்னவளைத் தோளிலும் பெரியவனைக் கையிலும் பிடித்துக்கொண்டு அவன் மேட்டுப்பாதையில் ஏறுவது மைதானத்திலிருந்தே தெரிந்தது. மனைவி படுக்கைச் சுருட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். பனி விழும்வரை அவர்கள் கீழே வரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான் நிசோபேகிமிடம் போனேன். என்னை மன்னித்துவிடு என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாப்பத்து மூணு நாளா உன்னைச் சபிச்சேன், மகளே" என்றாள். "அது சுலபமா இருந்துச்சு."

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தன் மகன் போன பாதையில் அவளும் நடந்தாள்.